டெர்ம் முடிந்தது சரி, யாருடைய டெர்ம்?

ஐம்பது காசு அஞ்சல் அட்டை ஒன்று என்னை ஒரு வாரம் தூங்க விடவில்லை. 2004 மே மாதம் நடந்தது இது. நாளிதழ் ஒன்றின் மதுரைப் பதிப்பில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து எனக்கு ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. மக்களவைத் தேர்தல் முடிவு வந்து, மே 13 அன்று வாஜ்பாய் ராஜினாமா செய்துவிட்டார். அவரைப் பற்றி உள்பக்கத்துக்கு ஒரு பெட்டிச் செய்தி எழுதச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் வந்திருந்த செய்திக் காப்பியில், காங்கிரஸ் அல்லாத பிரதமர்களில் முதன்முதலாக ‘ஃபுல் டெர்ம்’, அதாவது முழுப் பதவிக்காலம், முடித்தவர் அவர்தான் என்று ஒரு வரி. தமிழில் எழுதும்போது, வாசகருக்கு விளங்க வேண்டுமே என்று நானாக ஒரு எண்ணைச் சேர்த்தேன். ‘ஐந்து ஆண்டு பதவிக்காலத்தை முழுமையாக முடித்த முதல் காங்கிரஸ் அல்லாத பிரதமர்’ என்று அச்சாகிவிட்டது.

நாலைந்து நாள் கழித்து அட்டை வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று கையெழுத்துக்குக் கீழே போட்டிருந்தார். செய்தியின் அந்த ஒரு வரியை மட்டும் கத்தரித்து, சோற்றுப் பருக்கை வைத்து அட்டையில் ஒட்டியிருந்தார். காய்ந்த பருக்கை விரலில் நெருடியது. அதற்குக் கீழே ஒரு கழித்தல் கணக்கு. மேல் வரியில் 13.5.2004, கீழ் வரியில் வாஜ்பாய் பதவியேற்ற நாள், 13.10.1999. மாதத்துக்குக் கடன் வாங்கியதைக்கூட, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் காட்டுவதுபோல, 4-ஐ அடித்து மேலே 3 போட்டுக் காட்டியிருந்தார். விடை: 4 வருடம் 7 மாதம் 0 நாள். அதற்கடியில் சிவப்பு மையில் ஒரே வரி: ‘மீதி ஐந்து மாதம் எங்கே?’

எங்கள் சீஃப் சப், அதாவது தலைமை உதவி ஆசிரியர், அந்த அட்டையை அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சாயங்காலம் டீ குடிக்கப் போகும்போது கூட வரச் சொன்னார்.

“ஏம்ப்பா, இங்கிலீஷ்ல அஞ்சு வருஷம்னு இருந்துச்சா?”

“இல்ல சார். ஃபுல் டெர்ம்னு இருந்துச்சு.”

“டெர்ம்னா அஞ்சு வருஷம்னு உனக்கு யார் சொன்னா?”

நான் அரசமைப்புச் சட்டம் என்றேன். அவர் சிரித்துவிட்டு, “அது யாரோட டெர்ம்? பிரதமரோடதா, சபையோடதா?” என்று கேட்டார். பதில் தெரியவில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் இன்றைக்கும் ‘டெர்ம்’ என்ற சொல் திரையில் வந்தால், கை தட்டச்சுப் பலகைக்குப் போகும் முன்பு அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது.

பிரதமருக்கு என்று தனியாக ஒரு காலம் சட்டத்தில் கிடையாது. சபையின் நம்பிக்கை இருக்கிறவரை இருப்பார். ஐந்து ஆண்டு என்பது மக்களவைக்கு. 83-ஆவது பிரிவு சொல்வது, முதல் கூட்டத்துக்கு என்று குறித்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு, அதற்கு மேல் இல்லை, இடையில் கலைத்தால் அத்தோடு சரி. 13-ஆவது மக்களவை 1999 அக்டோபர் 20-இல் முதலில் கூடியது. 2004 பிப்ரவரி 6-இல் கலைத்தார்கள், தேர்தலை முன்கூட்டியே வைக்கலாம் என்று. ஆக, சபையே எட்டு மாதத்துக்கு மேல் பாக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. பிரதமர் ஃபுல் டெர்ம் முடித்தார் என்று ஆங்கிலத்தில் எழுதினால், ஆட்சி நடுவில் கவிழவில்லை, தேர்தல் வரை ஓடியது என்று பொருள். மொரார்ஜி தேசாய், வி.பி.சிங், தேவகௌடா, குஜ்ரால் எல்லாம் பாதியில் இறங்கியவர்கள். வாஜ்பாயே 1996-இல் 13 நாளில் இறங்கியவர். அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் அந்த ஆங்கில வரி பெரிய தப்பில்லை, கொஞ்சம் தளர்வானது. தளர்வான சொல்லை எடுத்து ஐந்து என்று இறுக்கி முடிச்சுப் போட்டது நான்.

அதற்குப் பிறகு பழைய கணக்குகளையெல்லாம் தோண்டிப் பார்க்கும் வியாதி வந்துவிட்டது. 1962-இல் வந்த மூன்றாவது மக்களவையைப் பாருங்கள். நேரு 1964 மே 27-இல் இறந்தார். சாஸ்திரி 1966 ஜனவரி 11-இல் தாஷ்கண்டில் இறந்தார். இரண்டு முறையும் இடையில் சில நாள் குல்சாரிலால் நந்தா இடைக்காலப் பிரதமராகப் பார்த்துக்கொண்டார். அப்புறம் இந்திரா. சபை 1967 தேர்தல் வரை வந்துசேர்ந்தது, அதில் பிரதமராக உட்கார்ந்த யாருக்கும் அந்த ஐந்து ஆண்டு முழுதாகக் கிடைக்கவில்லை. 1971-இல் வந்த ஐந்தாவது மக்களவை நேர் எதிர். நெருக்கடி நிலையில் காலத்தை நீட்டித்துக்கொண்டே போய் 1977 ஜனவரியில்தான் கலைந்தது. கிட்டத்தட்ட ஐந்தே முக்கால் வருடம். அதை ஃபுல் டெர்ம் என்பதா, அதற்கும் மேலே ஒன்று சொல்வதா?

நம்மூரிலும் இருக்கிறது. 2016-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றத்துக்கு மூன்று முதலமைச்சர்கள். மே மாதம் பதவியேற்ற ஜெயலலிதா டிசம்பர் 5-இல் காலமானார். பிறகு ஓ.பன்னீர்செல்வம். 2017 பிப்ரவரி 16-இலிருந்து எடப்பாடி பழனிசாமி. 2021 மே வரை அவர். இதை ஆங்கிலத்தில் எழுதினால் அவர் ‘சர்வ்ட் அவுட் தி டெர்ம்’ என்று எழுதலாம், கச்சிதமாகப் பொருந்தும். ‘சர்வ்ட் எ ஃபுல் டெர்ம்’ என்று எழுதினால் பொருந்தாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சின்ன ‘அவுட்’தான்.

இந்த ‘அவுட்’ எனக்குப் பிடிபட ரொம்ப நாள் ஆயிற்று. ‘சர்வ்’ என்றால் வகிப்பது, ‘அவுட்’ என்றால் வெளியே, இரண்டையும் சேர்த்தால் பதவியை விட்டு வெளியேறுவது என்று ஒரு தடவை எழுதியே விட்டேன். பதவியில் நீடிப்பேன் என்று சொன்ன மனிதரை நான் தமிழில் ராஜினாமா செய்ய வைத்துவிட்டேன். நல்லவேளை, பிழை திருத்தும் அண்ணன் பிடித்துவிட்டார். சீஃப் சப்தான் அதற்கும் ஒரு வழி சொன்னார். தமிழில் ‘தீர்’ என்று ஒரு துணைவினை இருக்கிறது அல்லவா? பேசித் தீர்த்தான், அழுது தீர்த்தாள், வாங்கித் தீர்த்தார்கள். மிச்சம் மீதி இல்லாமல் அடி வரைக்கும் போவது. ஆங்கிலத்தில் அந்த ‘அவுட்’ செய்வதும் அதே வேலைதான். பானையில் கிடப்பதைச் சுரண்டி எடுப்பதுபோல, இருக்கிற காலத்தை அடி வரை இருந்து முடிப்பது. அது முழுப் பானையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அரைப் பானையையும் வழித்துத் தின்னலாம்.

ஆனால் ‘இருந்து தீர்த்தார்’ என்று பத்திரிகையில் எழுத முடியாது. வீட்டுக்கு வந்த விருந்தாளியைச் சொல்கிற மாதிரி இருக்கும். ‘பதவிக்காலம் முடியும் வரை நீடித்தார்’, ‘எஞ்சிய காலத்தை நிறைவு செய்தார்’ என்று எழுதுகிறோம். ‘ஸீ அவுட்’ என்று வந்தால் கொஞ்சம் வேறு வாடை. அதில் எப்படியோ சமாளித்து ஓட்டிவிட்டார் என்பது ஒளிந்திருக்கும்.

ஒளிந்திருப்பது என்றதும் இன்னொன்று. பதவிக்கு எந்த ஆபத்தும் இல்லாத ஒருவரைப் பற்றி ‘சர்வ் அவுட்’ என்று ஆங்கிலக்காரர்கள் சும்மா எழுத மாட்டார்கள். விலகுவாரோ, விலக்கிவிடுவார்களோ, உடம்பு தாங்குமோ என்று எங்கோ ஒரு சந்தேகம் இருக்கும்போதுதான் அந்தத் தொடர் வரும். அல்லது ஒருவர் விட்டுப்போன காலத்தை இன்னொருவர் முடிக்கும்போது வரும். 1974 ஆகஸ்ட் 9-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் விலகியதும் ஃபோர்டு வந்து, 1977 ஜனவரி 20 வரை இருந்தாரே, அதற்கு இதைவிடப் பொருத்தமான தொடர் இல்லை. நிக்சனின் காலத்தைத்தான் அவர் முடித்துக் கொடுத்தார். அமெரிக்கச் சட்டம் இதில் படு கறார். அடுத்தவர் காலத்தில் இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்துவிட்டால், அப்புறம் ஒரே ஒரு முறைதான் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்படலாம். 22-ஆவது திருத்தம் அது, 1951-இல் நடைமுறைக்கு வந்தது. கென்னடி இறந்தபின் ஜான்சன் முடித்துக் கொடுத்தது பதினான்கு மாதம்தான் என்பதால் அவருக்கு அந்தத் தடை இல்லை. ஃபோர்டுக்கு இருந்திருக்கும், 1976-இல் ஜெயித்திருந்தால்.

அமெரிக்காவை இங்கே இழுத்ததற்குக் காரணம் இருக்கிறது. 2025 ஜூலை 21 இரவு, துணைக் குடியரசுத் தலைவர் ஜகதீப் தன்கர் உடல்நிலையைக் காரணம் காட்டி விலகிவிட்டார். அன்று மாலைதான் நாடாளுமன்றக் கூட்டத்தொடரின் முதல் நாள் செய்தியெல்லாம் முடித்து நிமிர்ந்திருந்தோம். முதல் பக்கத்தைப் பிரித்துப் போட வேண்டியதாயிற்று. இப்போது சீஃப் சப் நாற்காலியில் நான். எதிரே, சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத தம்பி ஒருவர். வேகமான கை. பத்து நிமிடத்தில் காப்பியை அனுப்பிவிட்டார். ‘2022 ஆகஸ்ட் 11-இல் பதவியேற்ற அவரது பதவிக்காலம் 2027 ஆகஸ்ட் வரை உள்ளது’. சரி. ‘பதவிக்காலத்தின் நடுவே விலகியுள்ளார்’. அதுவும் சரி. கடைசி வரி: ‘புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர் எஞ்சிய இரண்டு ஆண்டுகள் பதவி வகிப்பார்.’

“தம்பி, இந்தக் கடைசி வரி எதுலேர்ந்து?”

“நானா போட்டதுதாண்ணே. ராஜ்யசபா மாதிரிதானே? போனவரோட மிச்சத்தைத்தானே வர்றவர் முடிக்கணும்?”

மணி பதினொன்று. வெளியூர்ப் பதிப்பு போக இருபது நிமிடம் இருக்கிறது. அந்த வரியை வெட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் பலகையில் குத்தியிருந்த அட்டை எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அலமாரியிலிருந்து அரசமைப்புச் சட்டத் தமிழ்ப் பதிப்பை எடுத்து 68-ஆவது பிரிவைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். இறப்பாலோ விலகலாலோ நீக்கத்தாலோ இடம் காலியானால், புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர் தாம் பதவி ஏற்ற நாளிலிருந்து முழு ஐந்து ஆண்டு காலத்துக்கு அந்தப் பதவிக்கு உரியவர். குடியரசுத் தலைவருக்கும் 62-இல் இதே ஏற்பாடுதான். 1969 மே மாதம் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே இறந்தார். ஆகஸ்டில் வந்த வி.வி.கிரி 1974 ஆகஸ்ட் வரை இருந்தார், ஜாகிர் உசேனின் மிச்சத்தை அல்ல, தன் ஐந்து வருடத்தை.

தம்பி படித்துவிட்டு, “அப்ப ராஜ்யசபாவுக்கு மட்டும் ஏண்ணே அப்படி?” என்றார். நல்ல கேள்விதான். அவர் சொன்னதிலும் பாதி சரி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, 154-ஆவது பிரிவு: இடைத்தேர்தலில் வருபவர் முன்னவரின் எஞ்சிய காலத்துக்குத்தான். வேடிக்கை என்னவென்றால் அதற்கு உதாரணமும் அதே வாரத்தில் எங்கள் பக்கத்திலேயே இருந்தது. ஜூலை 24-இல் தமிழகத்திலிருந்து ஆறு மாநிலங்களவை உறுப்பினர்களின் காலம் முடிந்தது. வைகோ, அன்புமணி எல்லாம் 2019-இல் வந்தவர்கள், ஆறு வருடம். அந்த ஆறு பேரில் எம்.எம்.அப்துல்லாவும் உண்டு. ஆனால் அவர் வந்தது 2021 செப்டம்பரில், முகமது ஜான் மறைவால் காலியான இடத்துக்கு. நாலு வருடம்கூட இல்லை. ஆறு பேரையும் ஒரே வாக்கியத்தில் போட்டு ‘ஆறாண்டு பதவிக்காலத்தை நிறைவு செய்தனர்’ என்று எழுதினால் ஐந்து பேருக்குச் சரி, ஒருவருக்குத் தப்பு. ‘ஆறு பேரின் பதவிக்காலம் முடிந்தது’ என்று எழுதினால் எல்லாருக்கும் சரி. ஆங்கிலத்திலும் இதே தப்பித்தல் உண்டு. ‘கம்ப்ளீட்டட் ஹிஸ் டெர்ம்’ என்றால் ஆளைப் பற்றிய கூற்று. ‘ஹிஸ் டெர்ம் எண்டட்’ என்றால் நாள்காட்டியைப் பற்றிய கூற்று. சந்தேகம் வந்தால் நான் நாள்காட்டி பக்கம் போய்விடுவேன்.

ஏன் அப்படி என்ற கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: மாநிலங்களவை ஒட்டுமொத்தமாகக் கலைவதே இல்லை. மூன்றில் ஒரு பங்கினர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஓய்வுபெறுகிற மாதிரி வரிசை கட்டி வைத்திருக்கிறார்கள். இடையில் வருகிறவருக்கெல்லாம் புதிதாக ஆறு வருடம் கொடுத்தால் அந்த வரிசை குலைந்துபோகும். அங்கே காலம் நாற்காலிக்கு. குடியரசுத் தலைவர், துணைத் தலைவர் விஷயத்தில் ஒரே நாற்காலி, வரிசை ஏதுமில்லை. அங்கே காலம் ஆளுக்கு. செப்டம்பர் 12-இல் திருப்பூர்க்காரர் சி.பி.ராதாகிருஷ்ணன் துணைக் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது, தம்பி தானே எழுதினார்: ‘2030 செப்டம்பர் வரை பதவி வகிக்கலாம்.’ ‘வகிப்பார்’ என்றில்லாமல் ‘வகிக்கலாம்’ என்று போட்டிருந்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்.

ஊராட்சிகளும் நாற்காலிக் கணக்குதான். கலைக்கப்பட்ட ஊராட்சிக்குப் பதில் வருவது மிச்சக் காலத்துக்கு மட்டுமே. அதை விடுங்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சிகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்து, ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. அதுவும் எல்லா மாவட்டத்திலும் இல்லை. நடுவில் தனி அலுவலர்கள். காலம் முடிந்துவிட்டது, அடுத்தவர் வரவில்லை என்ற நிலைக்குச் செய்தி எழுதும்போது ஆங்கிலத்தில் ‘எக்ஸ்பயர்ட்’ என்று வரும். அதைக் ‘காலாவதியானது’ என்று எழுதலாமா கூடாதா என்று டெஸ்க்கில் ஒரு சண்டையே நடந்திருக்கிறது. மருந்துக்கடைச் சொல் என்று ஒரு கட்சி, சட்டச் சொல் என்று ஒரு கட்சி. எனக்கு ‘முடிவடைந்தது’ போதும்.

சிறைச் செய்திக்கு வருவோம். ஆங்கிலத்துக்கு இதில் வெட்கமே கிடையாது. பிரதமர் நாற்காலிக்கும் ‘சர்வ்ட் எ டெர்ம்’, ஜெயிலுக்கும் ‘சர்வ்ட் எ டெர்ம்’. தமிழ் இரண்டையும் சேர்க்காது. பதவியை வகிக்கிறோம், தண்டனையை அனுபவிக்கிறோம். ‘அனுபவி’ என்றால் இப்போது சுகம்தான் நினைவுக்கு வருகிறது, ஆனாலும் தண்டனைக்கு அதை விட்டால் வேறு சொல் வாயில் வருவதில்லை. நீதிமன்றச் செய்தியில் ‘தண்டனைகளை ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும்’ என்று எழுதாத டெஸ்க் தமிழ்நாட்டில் இருக்காது. அதனால் ‘டெர்ம்’ என்ற ஒற்றைச் சொல் தலைப்பில் வந்தால், கீழே படிக்காமல் தமிழில் கை வைக்கக் கூடாது. முன்னாள் அமைச்சர் ஒருவரின் ‘டெர்ம்’ குறைக்கப்பட்டதை, பதவிக்காலம் குறைக்கப்பட்டது என்று ஒருவர் எழுதியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மனிதர் அப்போது உள்ளே இருந்தார்.

இங்கேயும் ‘ஃபுல் டெர்ம்’ சிக்கல் உண்டு. தண்டனைக் குறைப்பு பெற்று முன்கூட்டி வருபவர் தண்டனையை முழுதாக அனுபவித்தவர் அல்ல. ஆயுள் தண்டனையில்தான் இது பெரிய குழப்பம். ‘ஆயுள் என்றால் பதினாலு வருஷம்’ என்று ஊரெல்லாம் நம்புகிறது. நானும் நம்பினேன். ஆயுள் என்றால் ஆயுள்தான். காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற கோபால் கோட்சே தொடுத்த வழக்கில் 1961-லேயே உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது. பதினாலு எங்கிருந்து வந்தது என்றால், மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றங்களில் ஆயுள் தண்டனை பெற்றவரை அரசு முன்கூட்டி விடுவிப்பதானால் குறைந்தது பதினான்கு ஆண்டாவது உள்ளே இருந்திருக்க வேண்டும் என்ற விதியிலிருந்து. அது வாசலுக்கு வருவதற்கான குறைந்தபட்சக் கணக்கு, தண்டனையின் அளவு இல்லை. ஆகவே ‘ஆயுள் தண்டனைக் காலம் முடிந்து விடுதலை’ என்று ஒரு வாக்கியம் எழுதவே முடியாது. முடித்தவர் விடுதலையாகி வீட்டுக்கு வரமாட்டார்.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் இந்தத் தொடர் விடவில்லை. அக்கா மகன் சென்னையில் கணினி வேலை. வேறு இடம் கிடைத்து, ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டான். தொண்ணூறு நாள் நோட்டீஸ். கடிதம் கொடுத்த அன்றே ‘ஐ ஹேவ் சர்வ்ட் மை நோட்டீஸ்’ என்று மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல். நோட்டீஸ் கொடுத்துவிட்டேன் என்பது அவன் நினைப்பு. ‘சர்வ் நோட்டீஸ்’ என்றால் கொடுப்பது, ‘சர்வ் மை நோட்டீஸ்’ என்றால் அந்தத் தொண்ணூறு நாளும் வேலை பார்த்து முடிப்பது. நடுவில் ஒரு ‘மை’ வந்து காரியத்தைக் கெடுத்துவிட்டது. மறுநாள் காலையில் அவனுடைய உள்நுழைவை நிறுத்தி வைத்துவிட்டார்கள், முடித்தவர் பட்டியலில் போட்டு. “மாமா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல!” என்று போனில் கத்தினான். மதியத்துக்குள் சரியாகிவிட்டது. இவனுக்கு நான் சொல்லிக் கொடுத்தது, கொடுத்தால் ‘கேவ்’, முடித்தால் ‘கம்ப்ளீட்டட்’, நடந்துகொண்டிருந்தால் ‘சர்விங்’, மூன்றையும் தனித்தனியாக வைத்துக்கொள், ‘சர்வ்ட்’ பக்கமே போகாதே என்று. அழகான ஆங்கிலம் இல்லை. ஆனால் யாரும் உன் கணக்கைப் பூட்ட மாட்டார்கள்.

இவனே கல்லூரி முடித்த புதிதில், லண்டன் ஆள் ஒருவருடன் நடந்த நேர்காணலில் ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2019’ என்று சொல்லி, எதிரே இருந்தவர் “இப்போது உடம்பு பரவாயில்லையா?” என்று கேட்ட கதையும் உண்டு. நம் நாட்டில் படிவத்துக்குப் படிவம் ‘பாஸ்ட் அவுட் இயர்’ என்று கேட்டுக் கேட்டு நமக்கு அது படிப்பு முடிப்பது. அவர்கள் ஊரில் ராணுவப் பயிற்சி முடித்து அணிவகுப்பில் போகிறவர்களுக்குத்தான் அந்தப் பொருள், பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி மையத்தில் நடக்கிற மாதிரி. மற்றவர்களுக்கு அது மயக்கம். இந்தியருக்கு எழுதினால் இருக்கட்டும், வெளிநாட்டுக்கு எழுதினால் ‘கிராஜுவேட்டட்’.

மருத்துவப் பக்கத்தில் எங்களுக்கு ஒரே ஒரு விபத்துதான், அதுவும் அச்சுக்குப் போகும் முன்பே நின்றது. ‘கேரீட் தி பேபி டு ஃபுல் டெர்ம்’ என்ற வரிக்கு இணைய மொழிபெயர்ப்பு கொடுத்தது: ‘குழந்தையை முழு பதவிக்காலத்திற்கும் சுமந்தார்.’ அதை அப்படியே ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார் ஒருவர். நிறைமாதம் என்று தமிழில் எவ்வளவு நிறைவாக ஒரு சொல் இருக்கிறது. குறைமாதம் என்று அதற்கு இணையும் இருக்கிறது. 37 வாரத்துக்கு முன்பு பிறந்தால் குறைமாதம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. நம் பாட்டிகளுக்கு வாரக் கணக்கு தெரியாது, ஆனால் ‘டெர்ம்’ யாருடையது என்று ஒருநாளும் குழம்பியதில்லை.

எங்கள் சீஃப் சப் 2016-இல் ஓய்வுபெற்றார். முப்பத்திரண்டு வருடச் சர்வீஸ். நாங்கள் காசு போட்டு டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் நினைவுக் கேடயம் செய்யக் கொடுத்தோம். வாசகத்தை ஆங்கிலத்தில் போடலாம் என்று விளையாட்டுப் பக்கத்துப் பையன் எழுதிக் கொடுத்தான். யாரும் திருத்தவில்லை, அவருக்குத் தெரியாமல் செய்வதால் அவரிடம் காட்டவும் முடியவில்லை. விழாவில் கேடயத்தைக் கையில் வாங்கினார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பழக்க தோஷம், வாசகத்தை மேலிருந்து கீழாகப் படித்தார். ‘ஆன் தி சக்ஸஸ்ஃபுல் கம்ப்ளீஷன் ஆஃப் ஹிஸ் டெர்ம்’.

மைக் பக்கத்தில் இருந்தது. “ஏம்ப்பா, நான் தேர்தல்ல நின்னு வந்தவனா, தீர்ப்புல வந்தவனா?” என்றார்.

கூட்டம் சிரித்து அடங்க நேரமாயிற்று. மாத்தித் தருகிறோம் சார் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம், வேண்டாம் என்றுவிட்டார். இப்போதும் அவர் வீட்டில் டிவிக்கு மேலே அது அப்படியேதான் இருக்கிறது. ‘டெர்ம்’ மேல் மட்டும் பென்சிலில் ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் திருத்தக் குறி போட்டு வைத்திருக்கிறார். ‘சர்வீஸ்’.